புதுப்பிப்பு: ஜெல் உதிர்ந்த காரணம் பிடிபட்டது

ரிசார்சினால்-ஃபார்மால்டிஹைடு ஜெல்லை (தண்ணீர் நிறைந்த, நுண்துளைகள் கொண்ட பாலிமர் வலை) உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தினால் ஏன் செதில் செதிலாக உதிர்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். ஜெல்லுக்குள் இருக்கும் கரைப்பானை, அதாவது திரவத்தை, மாற்றச் சொன்னவருக்கு நன்றி, பிரச்சினை அதேதான்.

தண்ணீர்தான் வில்லன். உறையும்போது சுமார் 9% விரிகிறது. வளரும் பனிப்படிகங்கள் பாலிமர் வலையை ஓரங்கட்டி நசுக்கிவிடுகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அகலமான பள்ளங்களும், நடுவே அப்பளம் போல மெல்லிய தகடுகளும் தெரிந்தன. நான் ஜெல்லின் துளை என்று கொண்டாடியது பனி விட்டுப்போன தடம்!

இந்த முறை ஜெல்லை மூன்று நாள் டெர்ட்-பியூட்டனால் என்ற ஆல்கஹாலில் ஊறவைத்து, தினமும் புதிதாக மாற்றினேன். அது 25 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உறையும் (பாட்டிலுக்குள்ளேயே கட்டியாகி, வெந்நீரில் வைத்து உருக்கியது தனிக் கதை). உறையும்போது கனஅளவு ஏறக்குறைய மாறாது. ஆவியழுத்தம் அதிகம் என்பதால் சீக்கிரம் பதங்கமாகியும் (உருகாமல் நேரடியாக ஆவியாகியும்) விடும்.

துண்டு முழுசாக வந்தது. கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. நைட்ரஜன் பரப்புக்கவர்தல் அளவீட்டில் (துளைச் சுவர்களில் நைட்ரஜன் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்துத் துளை அளவை அறியும் முறை) 2 முதல் 50 நானோமீட்டர் வரையிலான இடைத்துளைகள் இப்போது நன்றாகவே தெரிகின்றன. தடிமனான துண்டின் நடுவில் மட்டும் இன்னும் விரிசல். அங்கே தண்ணீர் முழுதாக வெளியேறவில்லை போல. அடுத்த தடவை மெல்லிசாக வெட்டி ஊறவைக்கப் போகிறேன்.