காய்ச்சினாலும் போகாத நஞ்சு: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

பெரியம்மா: (பலமுறை பகிரப்பட்ட செய்தி) "பாலில் இந்தச் சோதனைப் பட்டையை நனைத்தால் அதிலுள்ள எல்லா நஞ்சும் நிறமாகத் தெரியும். உடனே வாங்குங்கள்!"

பெரியம்மா: மலரு, இது நிஜமா கண்ணு? பேரனுக்குப் பால் கொடுக்கவே பயமாக இருக்கிறது.

மலர்: எல்லா நஞ்சுக்கும் ஒரே பட்டை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் பெரியம்மா. ஒவ்வொன்றையும் குறிவைத்துத்தான் சென்சார் செய்ய முடியும். எங்கள் லேபில் பார்ப்பது பாலில் வரும் அஃப்லாடாக்சின் எம்1 ஒன்றை மட்டும்தான். அதற்கே படாத பாடு.

பெரியம்மா: நான் நன்றாகப் பொங்க வைத்துத்தான் கொடுக்கிறேன்.

மலர்: அதை விட்டுவிடாதீர்கள், கிருமி சாகும். ஆனால் இது கிருமி இல்லை, பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு. காய்ச்சினாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். அளவுக்கு மேல் நெடுநாள் உடம்பில் சேர்ந்தால் கல்லீரலுக்குக் கெடுதல்.

பிரபு: பாலில் எப்படிப் பூஞ்சை வரும்?

மலர்: பாலில் இல்லை அண்ணா, தீவனத்தில். கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் எல்லாம் ஈரத்தோடு மூட்டையில் கிடந்தால் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை பிடிக்கும். அதிலிருந்து வருவது அஃப்லாடாக்சின் பி1. மாடு அதைத் தின்றால் ஈரல் அதை எம்1 ஆக மாற்றும், அதில் ஒரு பங்கு பாலில் இறங்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்துப்போய், காரணம் தேடியபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நஞ்சு முதலில் பிடிபட்டது.

சித்தப்பா: அப்படியென்றால் தப்பு மாடு வைத்திருக்கிறவன் மேலா அம்மிணி? மூட்டை கடையிலிருந்தே ஈரமாக வந்தால் நான் என்ன செய்ய?

மலர்: உங்கள் மேல் இல்லவே இல்லை சித்தப்பா. உங்களுக்குத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் யாரும் கொடுக்கவில்லை, அதுதான் எனக்குக் கோபம். 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தார்கள். ஆபத்தான கலப்படம் இருந்தவை 12 தான். எம்1 வரம்பைத் தாண்டியவை 5.7 சதவீதம். அதில் அதிகம் தமிழ்நாட்டில், 88 மாதிரிகள்.

பிரபு: நாம் யூரியா, சோப்பு என்று பயந்துகொண்டிருக்கிறோம்.

சித்தப்பா: பால் சொசைட்டியில் கொழுப்பும், கொழுப்பு போக மீதியுள்ள சத்தான எஸ்.என்.எஃப்பும் பார்த்து விலை போடுகிறார்கள். இதை யார் பார்க்கிறார்கள்?

மலர்: அந்த மெஷினில் இது தெரியாது சித்தப்பா. நம் நாட்டு வரம்பு ஒரு கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராம். ஒரு கிராமில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு! பெரிய லேபுக்கு அனுப்பினால்தான் தெரியும். முடிவு வருவதற்குள் அந்தப் பாலைக் குடித்து முடித்திருப்போம்.

பெரியம்மா: உன் சென்சார் எப்படிக் கண்டுபிடிக்கும்? எனக்குப் புரிகிற மாதிரி சொல்.

மலர்: ஈர மண்ணில் மாட்டுக் குளம்பு பதிந்து, மண் காய்ந்ததும் தடம் நிற்கும் இல்லையா? அதுபோல நஞ்சின் மூலக்கூறைச் சுற்றிப் பாலிமரை, அதாவது பிளாஸ்டிக் போன்ற பொருளை, இறுக விட்டு, பிறகு மூலக்கூறை மட்டும் கழுவி எடுத்துவிடுவோம். அதன் வடிவத்தில் குழிகள் நிற்கும். எம்1 வந்தால் அந்தக் குழியில் உட்காரும்.

மலர்: உட்கார்ந்தது எப்படித் தெரியும் என்றால், இந்தப் பாலிமரைச் சிறு மின்முனையின் மேல் மெல்லிய படலமாகப் படிய வைத்திருப்போம். குழி காலியாக இருக்கும்போது மின்னோட்டம் நன்றாக ஓடும். குழி நிறைய நிறைய ஓட்டம் குறையும். அந்தக் குறைவைத்தான் அளக்கிறோம்.

பிரபு: தடம் பதிக்கவே நஞ்சு வேண்டுமே, கையாள ஆபத்து இல்லையா?

மலர்: ஆபத்து, விலையும் அதிகம். அதனால் அதே சாயலில் இருக்கும் ஒரு கூமரின் சேர்மத்தை வைத்துத் தடம் பதிக்கிறோம். இன்னொரு லாபமும் உண்டு. கழுவியும் போகாமல் கொஞ்சம் தங்கிப் பிறகு கசிந்தாலும் அது நஞ்சாக இருக்காது, கணக்கும் கெடாது.

பிரபு: ஆன்டிபாடி வைத்த கிட் ஏற்கெனவே கிடைக்கிறதே?

மலர்: கிடைக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் ஆன்டிபாடி என்பது நஞ்சைப் பற்றிப் பிடிக்கும் ஒரு புரதம், பெரும்பாலும் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் சொசைட்டி ஷெட்டில் கிடந்தால் பாழ். பாலிமர் அந்தச் சூட்டைத் தாங்கும். அதற்காகத்தான் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

சித்தப்பா: அப்போ சொசைட்டிக்கு எப்போது வரும்?

மலர்: பால்தான் எங்களைப் படுத்துகிறது சித்தப்பா. தண்ணீரில் அழகாக வேலை செய்யும். பாலில் விட்டால் கொழுப்பும் புரதமும் படலத்தின் மேல் அப்பிக்கொண்டு, நஞ்சு இல்லாவிட்டாலும் ஓட்டத்தைக் குறைத்துவிடும். அதனால் தடமே பதிக்காத ஒரு படலத்தையும் பக்கத்தில் வைத்துச் சோதிப்போம். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் அது வெறும் ஒட்டல், கணக்கில் வராது. முதலில் பாலைச் சுழற்றிக் கொழுப்பை எடுத்தாக வேண்டும்.

மலர்: ஆனால் தீவனத்தில் பிடிப்பது சுலபம். மாடு தின்ற பி1-ல் சில சதவீதம்தான் பாலுக்குப் போகிறது. அப்படியென்றால் மூட்டையில் நஞ்சு பல மடங்கு இருக்கும். சென்சார் மெஷின் முதலில் நிற்க வேண்டிய இடம் புண்ணாக்குக் கடை என்பது என் எண்ணம். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும்.

பெரியம்மா: பேரனுக்குப் பாலை நிறுத்தவா, வேண்டாமா? அதைச் சொல்.

மலர்: நிறுத்தாதீர்கள் பெரியம்மா. வளரும் பிள்ளைக்குப் பால் வேண்டும். அந்தப் பட்டையை மட்டும் வாங்காதீர்கள்.

சித்தப்பா: (புகைப்படம்) போன வாரம் வந்த மூட்டை. அடியில் பச்சையாகப் படிந்திருக்கிறது பார். தட்டிவிட்டுப் போடலாம் என்று இருந்தேன்.

மலர்: போடாதீர்கள் சித்தப்பா! பச்சையைத் தட்டினாலும் நஞ்சு புண்ணாக்குக்குள் இறங்கியிருக்கும். கோழிக்கும் வேண்டாம். மூட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள். மாதிரி எனக்கு வேண்டும்.

சித்தப்பா: ஒரு கை அள்ளி அனுப்பட்டுமா?

மலர்: ஒரே இடத்தில் அள்ளக் கூடாது. பூஞ்சை திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். மேலே, நடுவே, அடியில் என்று பல இடத்தில் எடுத்துக் கலந்து அரைக் கிலோ போதும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வேர்த்துப் பூஞ்சை இன்னும் வளரும். காகிதப் பையில் போடுங்கள்.

பிரபு: ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வருகிறேன் சித்தப்பா. வாங்கிக்கொண்டுபோய்க் கோவையில் மலரிடம் கொடுத்துவிடுகிறேன்.

சித்தப்பா: சரி. நல்ல மூட்டையிலும் அரைக் கிலோ தருகிறேன் அம்மிணி, இரண்டையும் பார்த்துச் சொல்.