1931 செவர்லேயின் மரச்சட்டத்துக்கு 1932 வண்டியின் கட்டைகள் பொருந்துமா?

மிச்சிகன்வேலன்:
என்னிடம் இருப்பது 1931ஆம் ஆண்டின் செவர்லே இண்டிபெண்டன்ஸ், இரண்டு கதவு கொண்ட கோச். வெளித்தகடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அதை உள்ளிருந்து தாங்கும் மரச்சட்டம்தான் போய்விட்டது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் இடப்பக்க அடிக்கட்டையை விரலால் அழுத்தினால் தூளாக உதிர்கிறது. முன்தூணின் அடிப்பகுதியும் அப்படியே. பக்கத்து ஊரில் ஒருவர் 1932 செவர்லே கோச்சின் கூடு ஒன்றை விற்கிறார். மரம் உலர்ந்து, பார்வைக்கு உறுதியாக இருக்கிறது. இரண்டு வண்டிக்கும் சக்கர அச்சுகளின் இடைவெளி 109 அங்குலம். இரண்டின் உடலையும் கட்டியது ஜெனரல் மோட்டார்ஸின் உடல் கட்டும் பிரிவான ஃபிஷர் பாடி. அதன் கட்டைகளைக் கழற்றி என் வண்டியில் பூட்டலாமா?

தகரவேலை:
தயங்காமல் வாங்குங்கள். இவை ஒவ்வொரு வண்டிக்கும் தச்சர் தனித்தனியே இழைத்த உடல்கள் அல்ல. ஒரே அச்சுப்பலகையை வைத்து இயந்திரத்தில் அறுத்து, லட்சக்கணக்கில் கோத்தவை. ஒரு கட்டை அடுத்த வண்டிக்குப் பொருந்தாது என்றால் அந்தத் தொழிற்சாலையே ஓடியிருக்காது.

மரக்கணக்கு:
ஐயா, ஒரே ஆண்டின் ஒரே வகை உடலுக்குள் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 109 அங்குலம் என்பது அடிச்சட்டத்தின் அளவு. உடலின் அளவு அன்று. 1932இல் முன்கண்ணாடியைச் சாய்த்து, வெளியே நீட்டியிருந்த வெயில் மறைப்பையும் எடுத்துவிட்டார்கள். கண்ணாடி சாய்ந்தால் முன்தூண் சாயும். தூண் சாய்ந்தால் அதன் மேலே வந்து சேரும் கட்டைகளின் மூட்டுகள் அனைத்தும் கோணம் மாறும். வேலன் முதலில் எஞ்சின் தடுப்புத் தகட்டில் உள்ள ஃபிஷர் பட்டையைத் தேடி, அதில் பொறித்துள்ள உடல்வகை எண்ணை இரு வண்டியிலும் ஒப்பிட வேண்டும். அது ஒத்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

தகரவேலை:
முன்தூண் போகட்டும், பின்பக்க அடிக்கட்டைக்கும் கண்ணாடிக்கும் என்ன தொடர்பு? ஒரு துண்டு பொருந்தாததால் மொத்தக் கூட்டையும் ஒதுக்குவது வீண் செலவு. புதிதாக ஆஷ் என்னும் கடினமரத்தில் செய்து வாங்கும் முழுத் தொகுதியின் விலையை விசாரித்துப் பார்த்தவர்களுக்கு என் கோபம் புரியும். அடிக்கட்டை கிடைக்கவே இல்லையென்றால் சதுர இரும்புக் குழாயை வைத்துப் பற்றவைத்துவிடலாம். எந்தக் கரையானும் அண்டாது.

மரக்கணக்கு:
இரும்புக் குழாயை நான் ஏற்கமாட்டேன். இந்த உடலில் தகட்டின் விளிம்பு மரத்தின் மேல் மடிந்து ஆணியால் பிடிக்கப்பட்டிருக்கிறது. இருக்கைத் துணியும் கூரைத் துணியும் மரத்தில்தான் ஆணியறைந்து நிற்கின்றன. குழாயில் ஆணி எங்கே இறங்கும்? பழைய கட்டைக்கும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்தில் முழுக் கூரையையும் ஒரே தகடாக அடிக்க முடியாததால் நடுவில் மெழுகுத் துணி போட்டார்கள். 1935இல் ஜெனரல் மோட்டார்ஸ் முழு இரும்புக் கூரையைக் கொண்டுவரும் வரை இதுதான் நிலை. அந்தத் துணியின் ஓரத்தில் இறங்கிய மழைநீர் தூண் வழியாக அடிக்கட்டைவரை ஓடியிருக்கும். ஆணி துருப்பிடித்த இடமெல்லாம் மரம் கறுத்துப் பிடிப்பை இழந்திருக்கும். வெளியே உறுதியாகத் தெரிவதை நம்பாமல், ஒவ்வொரு ஆணித்துளையிலும் கூரூசியால் குத்திப் பாருங்கள். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. குறுக்குவாக்கில் நன்றாகவே சுருங்கும். எனவே நீளம் ஒத்துப்போவதைக் கண்டு மகிழ வேண்டாம். அகலத்தையும் மூட்டின் துளையையும் அளக்க வேண்டும்.

மெல்பர்ன்வாசி:
ஒரு சிறு எச்சரிக்கை. இங்கே ஆஸ்திரேலியாவில் அந்தக் காலச் செவர்லேக்களுக்கு உடல் கட்டியது ஹோல்டன் நிறுவனம். பெயர் ஒன்றே ஆனாலும் மரச்சட்டம் வேறு. இணையத்தில் "1931 செவர்லே மரம்" என்று விற்பனைக்கு வந்தால், வண்டி எந்த நாட்டில் கட்டப்பட்டது என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

மிச்சிகன்வேலன்:
சனிக்கிழமை போய் இரண்டு மணி நேரம் அளந்தேன். மரக்கணக்கு ஐயா சொன்னதுபோல் முன்தூணின் கோணம் ஒத்துவரவில்லை. காகிதத்தில் வரைந்தெடுத்து என் வண்டியில் வைத்தபோதே தெரிந்துவிட்டது. ஆனால் பின்சக்கர வளைவுக் கட்டையும் பின்கூரை வளைகட்டையும் ஒரு நூல் வித்தியாசத்துக்குள் பொருந்துகின்றன. அடிக்கட்டை அங்கேயும் உளுத்திருக்கிறது. கூட்டை வாங்கிவிட்டேன்.

தகரவேலை:
பார்த்தீர்களா, இரண்டு துண்டு பொருந்திற்று.

மரக்கணக்கு:
இரண்டு துண்டுதான் பொருந்திற்று! வேலன், வாங்கியது நல்லது; உளுத்த அடிக்கட்டையையும் எறிந்துவிடாதீர்கள். இரண்டு வண்டியிலும் வெவ்வேறு இடம் உளுத்திருந்தால், இரண்டையும் சேர்த்து ஒரு முழு வடிவத்தை வரைந்தெடுக்கலாம். ஒரு கட்டையைக் கழற்றும் முன் கதவு வாயில்களில் குறுக்குச்சட்டம் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தகடு தொய்ந்து, கதவு பிறகு ஒருநாளும் சரியாகச் சாத்தாது. ஒன்றை மாற்றி, கதவை மாட்டி, இடைவெளி பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

மிச்சிகன்வேலன்:
குறுக்குச்சட்டத்தை மரத்திலேயே அடிக்கட்டுமா, தகட்டோடு பற்றவைக்கட்டுமா?

தகரவேலை:
பற்றவைக்க வேண்டாம். உள்ளே காய்ந்த மரம் இருக்கிறது, தீப்பிடித்துவிடும். இதில் எனக்கும் மரக்கணக்குக்கும் சண்டை இல்லை.