1/72 மிக்-21: வெள்ளிப் பூச்சுக்கு முன் பழைய கிட்டின் கோணல், இடைவெளி, குழிகளைச் சரிசெய்வது எப்படி?

டெல்டா_இறக்கை

வணக்கம் நண்பர்களே. 1/72 அளவில் ஒரு பிளாஸ்டிக் மாடல் கிட், மிக்-21 போர்விமானத்தின் எஃப்எல் வகை. அச்சு ரொம்பப் பழசு. இந்திய விமானப்படையின் ஆரம்பகால வெள்ளி நிறத்தில் முடிக்கத் திட்டம். இன்னும் பசை தொடவில்லை, டேப் போட்டுப் பொருத்திப் பார்த்ததோடு சரி.

உடலின் இரு பாதிகளும் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கின்றன. மூக்கில் சேர்த்துப் பிடித்தால் வாலில் 2 மி.மீ. விலகுகிறது. இடது இறக்கை உடலோடு சேரும் அடியில் 0.7 மி.மீ. இடைவெளி. வலப்பக்கம் இடைவெளி இல்லை, ஆனால் ஒரு படி தட்டுகிறது. இறக்கையின் மேற்பரப்பில் நான்கு இடங்களில் குழி. பேனல் கோடுகள் (தகடுகளின் இணைப்புக் கோடுகள்) எல்லாம் புடைத்தவை. கேனோபியில் (விமானி மேலுள்ள கண்ணாடிக் கூரை) கீறல், டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் குறிகள்) மஞ்சளாகிவிட்டது.

கையில் இருப்பவை: டாமியா எக்ஸ்ட்ரா தின் (பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் நீர்த்த பசை), டாமியா பட்டி, ஃபெவிக்விக், 400 முதல் 2000 வரை வாட்டர் பேப்பர், 0.3 நாசில் ஏர்பிரஷ். எதில் ஆரம்பித்து எந்த வரிசையில் போவது? புடைத்த கோடுகளை அப்படியே விட்டுவிடலாமா?

வாட்டர்பேப்பர்

முதலில் உடலை நேராக்குங்கள். அதுவரை இறக்கைப் பக்கமே போக வேண்டாம். ஒரு பக்கம் இடைவெளி, மறுபக்கம் படி என்றால் பெரும்பாலும் குற்றம் இறக்கையில் இல்லை, உடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது. இப்போதே இடைவெளியைப் பட்டியால் அடைத்தால் கோணலை நிரந்தரமாக்கின மாதிரிதான்.

பாலிஸ்டைரீன் 100 டிகிரியை ஒட்டித்தான் இளகும். கொதிக்கிற நீரில் போட்டால் சுருண்டுவிடும். 70 டிகிரி போதும், அதாவது கொதித்து இறக்கிச் சில நிமிடம் ஆறிய நீர். பாதியை 20-30 விநாடி முக்கி எடுத்து, வளைவுக்கு எதிர்த்திசையில் ஒரு மயிரிழை கூடுதலாக வளைத்துப் பிடித்தபடி குளிர்ந்த நீரில் விடுங்கள். ஒரே தடவையில் நேராகாது, இரண்டு மூன்று முறை செய்யுங்கள். மெல்லிய வால்பகுதியை நீரில் காட்ட வேண்டாம்.

அதற்குப் பிறகும் அரை மி.மீ. விலகல் மிஞ்சினால் கவலையில்லை. மூக்கிலிருந்து வாலுக்கு 2 செ.மீ. 2 செ.மீ. ஆக ஒட்டிக்கொண்டே போங்கள். இடுக்கில் எக்ஸ்ட்ரா தின் ஓட விட்டு, இரு பக்கமும் விரலால் நெருக்கினால் உருகிய பிளாஸ்டிக் நூல் போலப் பிதுங்கும். அந்தப் பிதுக்கம்தான் உங்கள் முதல் பட்டி. காய்ந்த பிறகு அடுத்த 2 செ.மீ. மாடல் வாலில் உட்காராமலிருக்க மூக்குக்குள் எடை வைக்க மறந்து மூடிவிடாதீர்கள். உடல், இறக்கை, சக்கரங்களை டேப்பால் கோத்து, பின்சக்கரம் வரும் இடத்தில் ஒரு பென்சில் மேல் வைத்துப் பாருங்கள். மூக்குப் பக்கம் சாயும்வரை ஈயக் குண்டு சேர்த்து, அதற்கு மேல் ஒரு கிராம் கூடுதலாகப் போடுங்கள். கூம்புக்குள் இடம் இருக்கும். எவ்வளவு முன்னால் வைக்கிறோமோ அவ்வளவு குறைந்த எடை போதும்.

உடல் மூடிய பின் இறக்கையை மறுபடி பொருத்திப் பாருங்கள், இடைவெளி பாதியாகக் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். மீதிக்கு 0.25 மி.மீ. பிளாஸ்டிக் கார்டில் (மெல்லிய பிளாஸ்டிக் தகடு) ஒரு கீற்று வெட்டி இறக்கையின் அடிமுகத்தில் ஒட்டி, சீவிச் சேர்க்க வேண்டும். இந்த இடத்தில் பட்டி வேண்டாம். பட்டி பிடித்து நிற்காது, மாடலைக் கையில் தூக்கினாலே வெடிக்கும்.

இறக்கைக் கோணம் முக்கியம். மிக்-21க்கு இறக்கை 2 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். 1/72ல் கணக்குப் போட்டால் இறக்கை நுனி, உடலோடு சேரும் அடியைவிட சுமார் 1.4 மி.மீ. தாழ வேண்டும். தட்டையாக ஒட்டிவிட்டால் பார்த்தவுடனே ஏதோ தப்பாகத் தெரியும். முழு இறக்கை அகலம் 7.154 மீட்டர், அதாவது 99.4 மி.மீ. ஒட்டி முடித்து அளவுகோல் வையுங்கள், ஒரு மி.மீ.க்குள் வந்தால் விட்டுவிடலாம்.

புடைகோடு

மேலே சொன்னது சரி. ஆனால் டாமியா பட்டியை உடலின் நடுக்கோட்டிலும் தொடாதீங்க. பச்சை உருமறைப்பு அடிக்கிற விமானத்துக்கு ஓடும், வெள்ளிக்கு ஓடாது. அந்தப் பட்டி பிளாஸ்டிக்கைவிட மென்மை, அதனால் தேய்க்கும்போது பட்டி மட்டும் பள்ளமாகும். மேலே லாக்கர் பட்டால் அதன் கரைப்பானைக் குடித்து லேசா உப்பும். முதல் நாள் கண்ணாடி மாதிரி இருந்த இடத்தில் ஒரு வாரம் கழித்துக் கோடு எட்டிப் பார்க்கும்.

நடுக்கோட்டுக்கு ஸ்ப்ரூ (கிட்டின் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம்) கரைசல் செய்யுங்க. பழைய எக்ஸ்ட்ரா தின் புட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு இதே கிட்டின் ஸ்ப்ரூவைப் பொடியாக வெட்டிப் போட்டு, மூழ்கும்வரை பசை ஊற்றி ஒரு ராத்திரி வையுங்க. தேன் பதத்துக்கு வரும். இது காய்ந்தால் அதே பிளாஸ்டிக்தான், பேனல் கோடு கீறினாலும் உதிராது. குறை ஒன்று: கரைப்பான் வெளியேற வெளியேற உள்வாங்கும். குறைந்தது 48 மணி நேரம் விட்டுத்தான் தேய்க்கணும். அவசரப்பட்டால் மறுபடி பள்ளம்.

இறக்கைக் குழிக்கு இந்தக் கரைசல் ஆகாது. அங்கே குழி விழுந்ததே, உள்ளே முட்டு இருக்கிற தடித்த இடம் மெதுவாக ஆறிச் சுருங்கி மேல்தோலை இழுத்ததால்தான். அதன்மேல் கரைப்பானை ஊற்றினால் இன்னும் இளகும். ஃபெவிக்விக்கும் டால்கம் பவுடரும் ஏறக்குறைய சமமாகக் குழைத்து, குச்சியால் வைத்து, அரைமணி ஆனதும் 400ல் தேய்க்க ஆரம்பிங்க. அன்றைக்கே முடிச்சிடணும். ராத்திரி விட்டால் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் தேயும். சமையல் சோடா போடச் சொல்வாங்க, போடாதீங்க. நொடியில் கல்லாகிவிடும்.

தேய்க்கும்போது விரலால் அழுத்தாமல், வாட்டர் பேப்பரை ஒரு பழைய அழிப்பான் துண்டில் சுற்றி, தண்ணீர் தொட்டு.

புடைத்த கோடு: என் கருத்து, விட்டுவிடுங்க. பலர் இதற்கு ஒத்துக்க மாட்டாங்க. ஆனால் 1/72ல் கையால் கீறிய கோடு 0.2 மி.மீ. இருந்தாலே நிஜத்தில் 14 மி.மீ. பள்ளம். புடைத்த கோட்டை 1000ல் பாதி உயரத்துக்குத் தேய்த்து விட்டால் வெள்ளியில் மென்மையாக மின்னும். நடுக்கோட்டைத் தேய்க்கும்போது அழிந்த இடங்களை மட்டும் மீட்டால் போதும். உலோக வெள்ளிப் பூச்சில் கோணலான ஒரு கீறல், புடைத்த பத்துக் கோட்டைவிட அசிங்கம்.

வாட்டர்பேப்பர்

இதில் நான் ஒத்துக்க மாட்டேன், எதிர்பார்த்த மாதிரியே. முதுகிலும் வயிற்றிலும் கோடு அழிந்து, பக்கவாட்டில் மட்டும் புடைத்து நின்றால் இரண்டு வேறு கிட் ஒட்டின மாதிரி இருக்கும். தடித்த லேபிள் டேப்பை விளிம்பாக ஒட்டி, பின்வைஸில் (ஊசி பிடிக்கும் சிறு கைப்பிடி) தையல் ஊசி மாட்டி, எடையே கொடுக்காமல் நான்கைந்து இழுப்பு. முதல் இழுப்பில் அழுத்தினால்தான் ஊசி வழுக்கும். 0.1 மி.மீ.க்கு மேல் ஆழம் தேவையில்லை. ஃபெவிக்விக் நிரப்பிய இடத்தின் குறுக்கே மட்டும் கீறாதீர்கள், விளிம்பு தெறிக்கும்.

டெல்டா_இறக்கை

நன்றி. உடலைச் சுடுநீரில் நேராக்கியாச்சு, வால் விலகல் இப்போது அரை மி.மீ.க்குள். கேனோபி பற்றி ஒரு சந்தேகம்: கிட்டில் முன்கண்ணாடி தனி, மூடி தனி என இரண்டு துண்டு. எஃப்எல் இப்படித்தானா?

குழாய்மூக்கு

இல்லை. எஃப்எல்-இல் முன்கண்ணாடியும் மூடியும் ஒன்றாக இணைந்து முன்பக்கக் கீலில் திறக்கும். தனி முன்கண்ணாடி, பக்கவாட்டில் திறக்கும் மூடி எல்லாம் பிஎஃப்எம் முதல் பிந்தைய வகைகள். உங்களிடம் இருப்பது எஃப்எல் பெட்டிக்குள் வந்த வேறு வகை அச்சு. மூடியே வைப்பதானால் இரண்டையும் சேர்த்து ஒட்டி, நடு இணைப்பைத் தேய்த்துவிட்டுச் சட்டங்களை எஃப்எல் படம் பார்த்து மாஸ்க் செய்யலாம். வயிற்றில் பீரங்கிக்கான புடைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். எஃப்எல்-க்கு உள் பீரங்கி கிடையாது, வெளியே மாட்டும் ஜிபி-9 கூடுதான். இருந்தால் சீவிவிடுங்கள்.

கேனோபி கீறலுக்கு 2000 ஈரத்தில் தேய்த்து, பற்பசையால் பளபளப்பாக்கி, கிளியர் அக்ரிலிக்கில் ஒரு முக்கு. ஒட்டுவதற்கு ஃபெவிகால் மட்டும். ஃபெவிக்விக்கின் ஆவி உள்பக்கம் வெண்புகையாகப் படியும், மூடிய பிறகு துடைக்க வழியில்லை. காக்பிட் உட்புறம் சோவியத் நீலப்பச்சை, சக்கர வட்டு பளிச்சென்ற பச்சை.

டெக்காலை ஜிப் உறையில் போட்டு, அச்சு முகம் வெளியே பார்க்க வெயில் படும் ஜன்னலில் ஒட்டுங்கள். சில நாளில் மஞ்சள் இறங்கும். காவி வெளுக்கிறதா என்று தினமும் பார்க்கணும். தேவையில்லாத ஒரு எழுத்தை வெட்டி நீரில் போட்டுச் சோதியுங்கள். உடைந்தால் முழுத் தாளின் மேலும் கிளியர் லாக்கர் ஒரு கை அடித்து, ஒவ்வொரு குறியாகச் சுற்றி வெட்டித்தான் எடுக்க முடியும்.

எந்த விமானம் என்பதைத் தேதியோடு உள்ள ஒரு படம் வைத்து முடிவு செய்யுங்கள். 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கியவற்றில் 28வது ஸ்குவாட்ரனின் எஃப்எல்கள் உண்டு. ஆனால் அந்தப் போர்ச் சமயத்தில் பல எஃப்எல்களுக்கு உருமறைப்பு ஏறிவிட்டது. வெள்ளி வேண்டுமென்றால் அதற்கு முந்தைய படம் பாதுகாப்பு.

புடைகோடு

வெள்ளி பற்றி ஒரு வார்த்தை. பளபள கறுப்பு அடித்தளம் போட்டு குரோம் மாதிரி ஆக்காதீங்க, அது கண்ணாடிப் பளபளப்புக்கு. படைப்பிரிவில் உழைத்த மிக்-21 மங்கலான அலுமினியம். மிஸ்டர் சர்ஃபேசர் 1000 (பிரைமர்) சாம்பல் அடித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் எல்லாக் குற்றமும் தெரியும். திருத்தி, 2000ல் ஈரத்தில் தேய்த்து, அதன்மேல் அலுமினியம் லாக்கர் 12 முதல் 15 பிஎஸ்ஐ, 6-7 செ.மீ. தூரத்தில் மூன்று மெல்லிய கை. பின்புகைவாய் ஓரப் பலகைகளுக்கு மட்டும் அதே வண்ணத்தில் நாலு சொட்டு கறுப்பு.

சென்னையில் மழைநாளில் அடிக்காதீங்க. தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிரவைக்கும், காற்றின் ஈரம் அதில் படிந்து வெளிறிப்போகும். அப்படி ஆகிவிட்டால் சுரண்ட வேண்டாம், ரிட்டார்டர் (காய்வதை மெதுவாக்கும் திரவம்) கலந்த லெவலிங் தின்னரை மட்டும் மூடுபனியாக ஒரு கை அடித்தால் தெளியும்.

குழாய்மூக்கு

விட்டுப்போனது: மூக்கு வளையத்தின் உதடு கிட்டில் தடிமனாக இருக்கும், உள்பக்கமிருந்து குழலாகச் சுருட்டிய 400ஆல் கத்தி விளிம்பாக்குங்கள். பிட்டோ குழாய் (வேகம் அளக்க மூக்கில் நீட்டிய குழாய்) எஃப்எல்-இல் மூக்கின் மேல், நடுவில். பிளாஸ்டிக் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மருந்துக் கடையில் 23ஜி ஊசி ஒன்றும் 31ஜி இன்சுலின் ஊசி ஒன்றும் வாங்குங்கள், சின்னது பெரியதற்குள் நுழையும். குறடால் வெட்டினால் நசுங்கும், அரத்தால் சுற்றிக் கீறி ஒடியுங்கள். அதை ஒட்டுவது எல்லாப் பூச்சும் டெக்காலும் முடிந்த பிறகு.