இரும்புச் சட்ட டெக்கில் மரச் சலாகை மறைப்பைப் பொருத்துவது எப்படி?

உப்புவெளி வாசி:

அனைவருக்கும் வணக்கம். கடலுக்கு மிக அருகிலுள்ள எங்கள் வீட்டின் மேற்குப் பக்கத்தில், துத்தநாகத்தில் தோய்த்த பொக்ஸ் பார்களைக் (உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாய்கள்) கொண்டு டெக் (திறந்த மேடை) ஒன்றை அமைத்திருக்கிறோம். பிற்பகல் வெயிலையும் அயல்வீட்டுப் பார்வையையும் மறைப்பதற்காக, அதன் விளிம்பில் பாலை மரச் சலாகைகளை ஆறடி உயரத்துக்கு நிலைக்குத்தாக நிறுத்த விரும்புகிறோம். தூண்கள் 50 மில்லிமீற்றர் சதுரம், அவற்றின் இரும்புச் சுவரின் தடிப்பு 2 மில்லிமீற்றர். சலாகைகள் சீவிய பின் 50 மில்லிமீற்றர் அகலமும் 30 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டவை. கூரைத் தகட்டுக்குப் பயன்படும், தானே துளையிட்டு இறங்கும் திருகாணிகளை முன்புறமிருந்து நேரே அடித்தால் போதும் என்கிறார் வெல்டிங் வேலை செய்தவர். தச்சு வேலைக்காரரோ மரத்தை இரும்போடு ஒட்ட வைக்கவே கூடாது என்கிறார். எதனைச் செய்வது?

கிண்ணியாவிலிருந்து:

கூரைத் திருகாணி வேண்டாம். அதன் மேலுள்ள மெல்லிய துத்தநாகப் பூச்சு கடற்காற்றுக்கு நெடுநாள் தாக்குப்பிடிக்காது. மேலும் 2 மில்லிமீற்றர் இரும்பில் அதன் ஓரிரு மரைகள் மட்டுமே பிடித்திருக்கும். கடலோரத்துக்கு 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணியே ஏற்றது. 304 வகையில் விரைவிலேயே பழுப்புக் கறை படியும்.

நிலாவெளித் தச்சர்:

சலாகைகள் நிலைக்குத்தாக நிற்கப் போவதால், தூண்களுக்கிடையே குறுக்குச் சட்டம் எப்படியும் வேண்டும். 40 மில்லிமீற்றர் அகலமும் 5 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட பட்டை இரும்பை மேலே, நடுவே, கீழே என மூன்று வரிசையாக வைத்து, அதன் பின்புறமிருந்து சலாகைக்குள் திருகாணியை இறக்குங்கள். இப்படிச் செய்தால் முகப்பில் திருகாணித் தலை தெரியாது, அந்தத் துளை வழியே மழைநீர் மரத்துக்குள் இறங்காது, பழுதான ஒரு சலாகையை மட்டும் பின்னர் கழற்றி மாற்றவும் முடியும். கணக்கு எளியது: பட்டை 5, இடையே வைக்கும் நைலோன் வாசர் 3, ஆகவே 32 மில்லிமீற்றர் திருகாணியில் 24 மில்லிமீற்றர் மரத்துக்குள் இருக்கும், முகப்புப் பக்கம் 6 மில்லிமீற்றர் மிஞ்சும்.

பாலை நீரில் மூழ்கும் அளவுக்குக் கனத்த மரம். முன்துளை இடாமல் முறுக்கினால் ஸ்டெயின்லெஸ் திருகாணியின் தலை கையோடு வந்துவிடும். மரையில் சிறிது சவர்க்காரம் தடவிக்கொள்ளுங்கள். தென்மேற்கிலிருந்து வரும் வரண்ட கச்சான் காற்றில் மரம் காய்ந்து சுருங்கும், மாரி மழையில் ஊதும். ஆகவே பட்டையிலுள்ள துளை திருகாணியை விடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் சலாகையின் நடுவே ஒரே திருகாணி போதும், பக்கத்துக்கொன்றாக இரண்டு இறக்கினால் மரம் வெடிக்க இடமுண்டு. உங்கள் தச்சர் ஒட்ட வைக்கக் கூடாது என்பதும் சரியே. இடைவெளி இல்லாத இடத்தில் நீர் தேங்கும்; ஈர மரத்தின் துவர்ப்புச் சாறு இரும்பில் பட்டால் கருநீலக் கறை உண்டாகும், அதை எளிதில் போக்க முடியாது. சலாகையின் அடிமுனையும் தரையைத் தொடாமல் இரண்டு சென்ரிமீற்றராவது உயர்ந்து நிற்க வேண்டும்.

உப்புவெளி வாசி:

மிக்க நன்றி ஐயா. தூண்களில் ஏற்கெனவே துத்தநாகம் ஏறிவிட்டதே, பட்டைகளை அவற்றோடு வெல்ட் செய்யலாமா? சலாகைகளுக்கிடையே 20 மில்லிமீற்றர் இடைவெளி விட நினைக்கிறோம்.

கிண்ணியாவிலிருந்து:

வெல்ட் செய்தால் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்துபோகும், அதன் புகையும் உடலுக்குக் கேடு. பட்டைகளை முதலில் துளையிட்டு, பிறகு துத்தநாகத்தில் தோய்க்கக் கொடுத்து, தூணின் இருபுறமும் ஊடுருவும் 8 மில்லிமீற்றர் போல்ட்டால் இறுக்குங்கள். தூணில் புதிதாக இட்ட துளைகளின் வெட்டு முகத்துக்குத் துத்தநாகச் செறிவுள்ள பெயின்ற் பூசுவது அவசியம். நீங்கள் சொல்லும் இடைவெளியில் மறைப்பின் பத்தில் ஏழு பங்கு அடைபட்டுவிடும். காற்றுக்கு அது ஏறத்தாழச் சுவர் போலத்தான். 2020 திசெம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்ததை நினைத்துப் பாருங்கள். எனவே சலாகைகளை வாங்குவதற்கு முன், தூண்களின் அடித்தகடும் அதைத் தரையோடு பிணைக்கும் நங்கூர போல்ட்டுகளும் அந்த விசையைத் தாங்குமா என்று பொறியியலாளர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.