வெள்ளி ரூபாய், சதுர ஐந்து சதம்: எந்த அளவுச் சட்டகம் வாங்க வேண்டும்?

மலைமுகில் (ஹட்டன்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பாயி தகரப் பெட்டியொன்றில் சேர்த்து வைத்திருந்த பழைய நாணயங்கள் இப்போது என் பொறுப்பில் உள்ளன. விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் காலத்து இந்திய வெள்ளி ரூபாய்கள், இலங்கையின் செப்பு ஒரு சதம், அரைச் சதம், சதுர ஐந்து சதம், 1957ஆம் ஆண்டின் புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் ஆகியவை அவற்றில் அடங்கும். வெள்ளி ரூபாய்களில் இரண்டுக்கு, காசு மாலையில் கோப்பதற்காக வளையம் பற்றவைக்கப்பட்டுள்ளது. 2013இல் மத்திய வங்கி 25 மாவட்டங்களுக்கும் வெளியிட்ட பத்து ரூபாய் நாணயங்களை நானே சேர்த்திருக்கிறேன்.

இவற்றை ஒவ்வொன்றாகச் சட்டகத்தில் வைக்க விரும்புகிறேன். ஆனால் இணையத்தில் விற்கப்படும் பொதிகளில் சிலவற்றில் ‘குவாட்டர்’, ‘ஹாஃப் டொலர்’ என்று அமெரிக்க நாணயங்களின் பெயர்களும், வேறு சிலவற்றில் மில்லிமீற்றர் அளவுகளும் மட்டுமே உள்ளன. நம் நாணயங்களுக்கு எந்த அளவு பொருந்தும்? இப்போது அவை மென்மையான பிளாஸ்டிக் பைகள் கொண்ட ஓர் அல்பத்தில் இருக்கின்றன. மாதக்கணக்கில் மூடுபனி சூழும் எங்கள் ஊரில் அது போதுமானதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பழங்காசு (கண்டி):

வணக்கம். பொதியின் மேல் எழுதியுள்ள நாணயப் பெயரை நம்பி வாங்காமல், உங்கள் நாணயத்தை அளந்து வாங்குங்கள். பாடசாலையில் பயன்படுத்திய வேணியர் இடுக்கிமானியே போதும், ஆனால் உலோகத் தாடை விளிம்பைக் கீறக்கூடும் என்பதால் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டதைத் தேடிப் பெறுங்கள். நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்து, இரண்டு மூன்று திசைகளில் விட்டத்தை அளந்து, அவற்றில் பெரிய அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அட்டைச் சட்டகம், கெப்சூல் (நாணயத்தை மூடி வைக்கும் கடினமான, தெளிந்த பிளாஸ்டிக் கூடு) ஆகிய இரண்டுக்கும் அளவு பார்க்கும் முறை வேறு. நடுவில் மைலர் என்னும் தெளிந்த பிளாஸ்டிக் படலத்தாலான சாளரம் உள்ள, ஏறக்குறைய 5 செ.மீ. சதுரமான அட்டைச் சட்டகத்தில், நாணயத்தைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இடைவெளி இருப்பதே நல்லது. சாளரம் இறுக்கமாக இருந்தால் அட்டையின் ஓரம் நாணயத்தின் விளிம்பின் மேல் ஏறிவிடும். ஐரோப்பிய அட்டைகள் பெரும்பாலும் 17.5, 20, 22.5, 25, 27.5, 30, 32.5, 35, 37.5, 39.5 மி.மீ. என்ற வரிசையில் கிடைக்கின்றன. இந்திய வெள்ளி ரூபாயின் விட்டம் 30.5 மி.மீற்றருக்குக் குறையாது என்பதால் 30 பொருந்தாது, 32.5 எடுக்க வேண்டும். நமது செப்பு ஒரு சதம் 22.5க்கு மிக நெருங்கி வருவதால் அதற்கு 25ஐயும், 18 மி.மீற்றரைச் சற்றே தாண்டும் அரைச் சதத்துக்கு 20ஐயும், 26 மி.மீற்றருக்குச் சற்று மேலான பத்து ரூபாய்க்கு 27.5ஐயும் நான் தெரிவு செய்வேன்.

கெப்சூலில் அப்படி இடைவெளி விடக் கூடாது. நாணயம் உள்ளே ஆடினால் விளிம்பு தேயும், மிக இறுகினாலோ அதை வெளியே எடுப்பதே பெரும்பாடாகிவிடும். அரை மில்லிமீற்றர் தளர்வு போதும். வெள்ளி ரூபாய்க்கு 31 மி.மீ. கெப்சூல் வாங்குங்கள். அமெரிக்க அரை டொலரின் விட்டம் 30.6 மி.மீ. என்பதால் அதற்கென அச்சொட்டாகச் செய்யப்பட்ட கெப்சூல் சில ரூபாய்களுக்கு இடங்கொடாது. 1957ஆம் ஆண்டின் ஐந்து ரூபாய் விடயத்தில் இன்னும் கவனம் தேவை: அது ஏறக்குறைய 38.5 மி.மீ., அமெரிக்க வெள்ளி டொலரோ 38.1 மி.மீ. மட்டுமே. அதற்கு 39 மி.மீ. கெப்சூலே ஏற்றது.

ஊவாக்காற்று (பண்டாரவளை):

மேலே கூறப்பட்டவற்றுடன் நான் முழுமையாக உடன்படுகிறேன். சதுர ஐந்து சதத்தையும் வளையமுள்ள ரூபாய்களையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1909 முதல் வெளிவந்த சதுர ஐந்து சதத்தின் பக்கம் ஏறக்குறைய 18 மி.மீ. என்று விலைப்பட்டியல்களில் காணப்படும். அதைப் பார்த்து 20 மி.மீ. சாளரம் வாங்கினால் மூலைகள் நான்கும் அட்டைக்குள் மறைந்துபோகும். வட்டச் சாளரத்துக்குக் கணக்கில் எடுக்க வேண்டியது மூலைவிட்டமே. மூலைகள் வளைந்திருப்பதால் அது 25 மி.மீற்றருக்குள் அடங்கும், ஆனாலும் உங்கள் நாணயத்தை மூலைக்கு மூலை அளந்து, அதற்கு மேல் ஒரு மில்லிமீற்றராவது சேர்த்து வாங்குங்கள். கெப்சூல்தான் வேண்டுமெனில், உள்ளே நுரைத்தகடு உள்ள சதுரக் கெப்சூலை வாங்கி, அந்தத் தகட்டில் நாணயத்தின் வடிவத்தை வெட்டிக்கொள்ளலாம்.

வளையத்தைத் தயவுசெய்து அகற்றாதீர்கள். பிரித்தானியர் காலத்தில் இலங்கைக்கென்று தனி ஒரு ரூபாய் நாணயம் அடிக்கப்படவில்லை, இந்திய வெள்ளி ரூபாயே இங்கும் புழங்கியது. அந்த ரூபாய், ஒரு பெண்ணின் கழுத்தில் சேமிப்பாகவும் நகையாகவும் இருந்ததற்கு அந்த வளையமே சாட்சி. சேகரிப்பாளர் அதைக் குறையென்று கூறி விலையைக் குறைக்கலாம், உங்கள் குடும்பத்துக்கு அது குறையன்று. வளையத்தையும் சேர்த்து உயரத்தை அளவுங்கள், தடிப்பையும் அளவுங்கள். வளையம் நாணயத்தைவிடத் தடிப்பாக இருப்பதால் அட்டைச் சட்டகம் தட்டையாக மூடாது, கெப்சூலின் மூடியும் அழுந்தாது. இத்தகைய நாணயத்துக்கு, பி.வி.சி. கலவாத பொலியெஸ்டரில் செய்யப்பட்ட, இரண்டு பைகள் கொண்ட 5 செ.மீ. உறையே பொருத்தம். ஒரு பையில் நாணயத்தையும் மற்றதில் அதன் விபரம் எழுதிய சிறு சீட்டையும் வைக்கலாம்.

பனிமேடு (நுவரெலியா):

அல்பத்தைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மென்மையாக வளைந்து, புதிய மழைக்கோட்டைப் போன்ற நெடி வீசும் பிளாஸ்டிக் பெரும்பாலும் பி.வி.சி. ஆகும். அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் காலப்போக்கில் கசிந்து நாணயத்தில் படியும், பிளாஸ்டிக் சிதையும்போது வெளிவரும் அமிலம் செப்பையும் வெள்ளியையும் அரிக்கும். எங்கள் ஊரின் ஈரப்பதத்தில் அது இன்னும் விரைவாக நடக்கும். ஆகவே சரியான அளவுச் சட்டகம் வந்து சேரும் வரை காத்திராமல், நாணயங்களை இன்றே வெளியே எடுத்து, அமிலமற்ற தாளில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்.

சட்டகங்களை மழை ஓய்ந்த, வெயில் அடிக்கும் ஒரு நாளில் மூடுங்கள், ஏனெனில் மூடும்போது உள்ளே இருக்கும் ஈரம் அங்கேயே தங்கிவிடும். அட்டைச் சட்டகத்தை மூட அடிக்கும் ஸ்டேப்ளர் கம்பியின் முனைகளைக் குறட்டால் நன்றாக அழுத்தித் தட்டையாக்காவிட்டால், அடுத்த சட்டகத்தின் மைலரைக் கிழித்து நாணயத்தையும் கீறும். மூடிய சட்டகங்களை இறுக்கமான மூடியுள்ள பொலிபுரொப்பிலீன் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திக்கொள்ளுங்கள். இறப்பர் பட்டியால் எதையும் கட்ட வேண்டாம், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். விறகடுப்புப் புகை எட்டும் இடத்திலும் வைக்க வேண்டாம்.

மலைமுகில் (ஹட்டன்):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அல்பத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு சத நாணயங்கள் சிலவற்றில் பச்சையாகப் பிசுபிசுப்பு படிந்துள்ளது. அப்படியே சட்டகத்தில் வைக்கலாமா?

பழங்காசு (கண்டி):

வைக்க வேண்டாம், படிந்தது உள்ளேயும் தொடர்ந்து அரிக்கும். வேறெதுவும் கலக்காத தூய அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, நாணயத்தைச் சிறிது நேரம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து, புதிய அசிட்டோனில் மீண்டும் ஒருமுறை அலசுங்கள். நகப்பூச்சு நீக்கியில் வேறு பொருட்கள் கலந்திருப்பதால் அதைப் பயன்படுத்த வேண்டாம். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், ஆகவே அடுப்பிலிருந்து விலகி, யன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். கெப்சூலின் பிளாஸ்டிக்கையும் அது கரைத்துவிடும் என்பதால், நாணயம் முழுமையாக உலர்ந்த பின்னரே உள்ளே வைக்க வேண்டும். பிசுபிசுப்பு போன பிறகும் பச்சை நிறம் தங்கினால் அது செப்பில் ஏற்கெனவே ஏற்பட்ட அரிப்பு, அதைச் சுரண்டாமல் விட்டுவிடுங்கள்.