இந்தியக் கால்பந்து அணிக்கு அடுத்த பயிற்சியாளர் யார்? (2025 ஜூலை விவாதம்)

கேள்வி: பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் போய்விட்டார். 8 ஆட்டங்களில் ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவுடன். ஷில்லாங்கில் வங்கதேசத்துடன் 0-0, ஹாங்காங்கிடம் கடைசி நிமிடப் பெனால்டியில் தோல்வி. ஓய்வு பெற்ற நட்சத்திர கோலடிப்பாளர் சுனில் சேத்ரியை 40 வயதில் திரும்ப அழைத்தும் மாலத்தீவைத் தவிர யாருக்கு எதிராகவும் கோல் வரவில்லை. உள்நாட்டுப் பயிற்சியாளர் காலித் ஜமீல், இந்திய அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் டார்கோவிச் ஆகிய பெயர்கள் அடிபடுகின்றன. உங்கள் தேர்வு?

பதில் 1: கான்ஸ்டன்டைன்தான். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று அடித்தது மறந்துவிட்டதா?

பதில் 2: அது சரி, ஏற்கெனவே இரண்டு முறை வந்தவர் ஐயா அவர்! என் ஓட்டு ஜமீலுக்கு. சின்ன பட்ஜெட்டில் மிசோரம் கிளப்பான ஐஸ்வாலை 2016-17இல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் சாம்பியனாக்கினார்; பெரிய கொல்கத்தா கிளப் மோகன் பகானே ஒரு புள்ளி பின்தங்கியது. அப்புறம் நார்த்ஈஸ்ட், ஜாம்ஷெட்பூர் கிளப்புகள் இரண்டையும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பிளேஆஃபுக்கு, அதாவது லீக் சுற்றுக்குப் பிந்தைய நாக்-அவுட் கட்டத்துக்கு, கொண்டுபோனார். அவர் அணிகளின் ஆட்டம் அழகாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். கட்டுக்கோப்பாகத் தடுத்து, நீளமாக அடித்து ஓடுவார்கள். பந்தை வைத்து விளையாடும் ஆட்கள் நம்மிடம் எத்தனை பேர்? வீரர்களோடு இந்தியில் நேராகப் பேசவும் முடியும்.

பதில் 3: யார் வந்தாலும் கோல் அடிக்க ஆள் வேண்டுமே. ஐஎஸ்எல் கிளப்புகள் முன்வரிசைக்கு வெளிநாட்டவரை வாங்குகின்றன, நம் பையன்கள் பெஞ்சில். பயிற்சியாளர் என்ன, மந்திரவாதியா?

பதில் 2: உண்மைதான். ஆனாலும் கோல் வாங்காமல் இருக்கவாவது ஜமீல் சொல்லித்தருவார்.