மறு: 'சார்ட்' (sort) வேறு, அடுக்கி வைப்பது வேறு – வெள்ளிக்குள் சொல் வேண்டும்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

ஓய்வுபெற்றவர்கள் பதினோரு பேருக்கு மாலையில் வீட்டுக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை பாடம், கோப்புகளைக் கோப்புறைகளில் போட்டு வைப்பது. நாலு பக்கக் கையேடு வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேண்டும்.

'சார்ட்', 'ஆர்கனைஸ்' இரண்டையும் போன வகுப்பில் 'ஒழுங்குபடுத்து' என்றே சொல்லித் தொலைத்துவிட்டேன். ஓர் அம்மா தேதி என்ற தலைப்பைச் சொடுக்கினார். மேலே இருந்த பேத்தியின் காதுகுத்துப் படங்கள் நானூறு படங்களுக்குக் கீழே இறங்கிவிட்டன. "எல்லாம் வேற ஃபோல்டருக்குப் போயிடுச்சு சார்" என்று கண் கலங்கிவிட்டார். ஒரு படமும் நகரவில்லை, திரையில் காட்டும் வரிசைதான் மாறியது என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆனது.

கோப்பு இருந்த இடத்திலேயே இருக்க, பார்வை மட்டும் மாறுவதற்கு ஒரு சொல். கோப்பையே தூக்கி வேறு உறையில் வைப்பதற்கு ஒரு சொல். அந்த அம்மாவுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டையிலிருந்து, புதன் காலை

ஐயா, நம் முன்னோர் செய்யாததா? குறுந்தொகை 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31. கோப்பின் அளவைப் பார்த்து மூன்று உறையில் போட்டிருக்கிறார்கள். அகநானூற்றில் எண்ணைப் பார்த்தாலே திணை தெரியும்: ஒற்றைப்படை எல்லாம் பாலை, 2, 8-இல் முடிந்தால் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20 என்று வருபவை நெய்தல். கோப்புக்குப் பெயர் வைக்கும் முறை என்றால் இதுதான்.

ஆகவே இடம் மாற்றி வைப்பது 'தொகைப்படுத்தல்'. வரிசை மட்டும் மாறுவது 'நிரல்படுத்தல்'. கோப்பு என்பதே 'கோ' என்ற வினையில் பிறந்தது. ஏட்டில் துளையிட்டுக் கயிற்றில் கோத்ததை நினைத்துப் பாருங்கள். கோத்ததை உறைக்குள் போடுவானேன்? 'கோப்புறை' என்பதே எனக்கு உறுத்தல்தான்.

நெய்வேலியிலிருந்து, புதன் மதியம்

அண்ணா, குறுந்தொகையில் 307, 391 இரண்டும் 9 அடி. உங்கள் முன்னோரும் தப்பான உறையில் ரெண்டு கோப்பு போட்டிருக்கிறார்கள்!

'நிரல்' இப்போது புரோகிராமுக்குப் போய்விட்டது. நான் நாள் முழுக்க எழுதுவதே நிரல்தான். 'நிரலை நிரல்படுத்து' என்று யாராவது சொன்னால் வேலையை விட்டுவிடுவேன். தொகை என்றால் வகுப்பில் பாதிப்பேர் பென்ஷன் தொகை என்று நினைப்பார்கள்.

யாராவது 'அகரவரிசைப்படுத்து' என்று கிளம்புவதற்கு முன்னால் ஒன்று. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த யூனிகோடு எண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ற என்பது ர-வுக்கு அடுத்து நிற்கிறது. ல, ள, ழ மூன்றும் வ-வுக்கு முன்னால். அந்த எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளில் 'வரவு' என்ற கோப்பு 'ழகரம்' என்ற கோப்புக்குப் பின்னால்தான் வரும். அது நம் நெடுங்கணக்கு இல்லை.

சார், கையேட்டில் இதையும் போடுங்கள்: தேதியைப் பெயரில் வைத்தால் ஆண்டு முதலில் வரட்டும். 2011-12-30 என்று எழுதினால் 'தானே' புயல் படங்கள் தானாக வரிசையில் நிற்கும். 30-12-2011 என்றால் எல்லா வருஷத்து முப்பதாம் தேதியும் ஒன்றாகக் கூடிவிடும்.

கடலூர் முதுநகரிலிருந்து, புதன் இரவு

இலக்கியம் எனக்கு அவ்வளவு தெரியாது. துறைமுகத்தில் எங்கள் அத்தை வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். மீனைத் தரையில் கொட்டினதும் அத்தை உட்கார்ந்து சங்கரா ஒரு கூடை, நெத்திலி ஒரு கூடை, மிச்சம் எல்லாம் ஒரு கூடை என்று கை பாட்டுக்குப் போடும். அதை 'ரகம் பிரிக்கிறது' என்போம். கூடைதான் உங்கள் ஃபோல்டர். அந்த 'மிச்சம்' கூடை எல்லார் கணினியிலும் 'நியூ ஃபோல்டர் 3' என்று இருக்கும்.

முத்தியால்பேட்டையிலிருந்து, புதன் இரவு

தங்கச்சி, உவமை அருமை. ஆனால் 'ரகம்' தமிழில்லை. 'வகைபிரித்தல்' என்றால் ஏற்கிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து, வியாழன் விடியற்காலை

வீட்டில் சொல்வது 'ஒதுங்க வை'. 'பாத்திரத்தை ஒதுங்க வைச்சிட்டு வா' என்றால் எந்தப் பாட்டிக்கும் புரியும். 'ஒதுக்கிவைத்தல்' என்றே போடலாமே?

நெய்வேலியிலிருந்து, வியாழன் காலை

ஊரில் ஒருத்தரை ஒதுக்கிவைத்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா அக்கா? பேத்தி படத்தை ஒதுக்கிவைக்கச் சொன்னால் அந்த அம்மா மறுபடி அழுவார்.

லாஸ்பேட்டையிலிருந்து, வியாழன் காலை

இட ஒதுக்கீட்டிலும் அதே ஒதுக்குதான், தம்பி. அங்கே இடம் கிடைக்கிறது, யாரும் அழுவதில்லை. சரி, விடுங்கள். கோப்புறைக்குப் பதில் 'அடைவு' என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள். இலங்கை நண்பர்களுக்கு அது அடகு. கணினியை அடகு வைக்கும் பாடம் என்று நினைப்பார்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து, வியாழன் மதியம்

உறைமோர், கிணற்று உறை, தலையணை உறை, வாளின் உறை... இந்த உறைகளுக்கெல்லாம் வேர் ஒன்றா, வேறா என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன். 'உறைதல்' என்றால் தங்கியிருத்தல். கோப்பு தங்கும் இடம் என்று கொண்டால் என் உறுத்தல் கொஞ்சம் குறைகிறது. விரிவாக ஞாயிறு எழுதுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, வெள்ளி மாலை

அச்சகத்துக்காரர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். பார்வை மட்டும் மாறுவது 'வரிசைப்படுத்து'. கோப்பை எடுத்து வைப்பது 'வகைபிரித்து வை'. நாலு பேர் சரி என்றீர்கள், ஒருவர் பேசாமல் இருந்துவிட்டார். மீன்கூடை உதாரணத்தை இரண்டாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

முத்தியால்பேட்டையிலிருந்து, வெள்ளி இரவு

பேசாமல் இருந்தது ஒப்புதல் ஆகாது ஐயா. 'தொகைப்படுத்தல்' அடைப்புக்குறிக்குள்ளாவது வந்திருக்கலாம். நீங்கள் இணைத்த கோப்பைத் திறந்து பார்த்தேன். தலைப்பில் 'கோப்புரை' என்று இடையின ரகரம் விழுந்திருக்கிறது. கோப்புக்கு உரை எழுதுவது நச்சினார்க்கினியர் வேலை. அச்சு ஏறிவிட்டதா?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, வெள்ளி இரவு

ஏறிவிட்டது. பதினோரு பிரதிதானே, பேனாவால் திருத்திக்கொண்டிருக்கிறேன்.